கறுத்த கண்ணோடு பிரசங்கம்: கூடைப்பந்தின் தந்தை நெய்ஸ்மித்தை உருவாக்கிய மெக்கில் ஃபுட்பால் அணி

1880களின் கடைசி. கனடாவின் மான்ட்ரியல் நகரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பிரசங்கம் செய்ய ஏறிய இறையியல் மாணவரைப் பார்த்ததும் சபையார் திகைத்துப் போனார்கள். அவருடைய இரண்டு கண்களைச் சுற்றியும் கறுத்துப் போயிருந்தது. முந்தைய நாள் தெருச்சண்டை எதுவும் நடக்கவில்லை. ஃபுட்பால் மேட்ச் நடந்தது, அவ்வளவுதான்.

அந்த மாணவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர். என்பிஏ பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் கூடைப்பந்துப் புகழரங்கமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனா அவர் உயிரைக் கொடுத்து ஆடிய விளையாட்டு கூடைப்பந்து இல்லை. மெக்கில் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் சென்டராக ஆடியவர் அவர். அங்கே வாங்கிய அடி இல்லாமல் கூடைப்பந்தே வந்திருக்காது என்றுகூடச் சொல்லலாம்.

எந்த ஃபுட்பால்?

நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிரணி ஆள் பாய்ந்து, கட்டிப்பிடித்து, கீழே சாய்ப்பார். இன்று இதில் இரண்டு வகை உண்டு. அமெரிக்க ஃபுட்பாலில் பக்கத்துக்கு 11 பேர், 10 யார்டு முன்னேற நாலு வாய்ப்பு, 100 யார்டு மைதானம். கனடா ஃபுட்பாலில் 12 பேர், மூணே வாய்ப்பு, 110 யார்டு மைதானம்.

இரண்டுக்கும் மூலம் ரக்பி. அந்த ரக்பி அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் நுழைந்ததில் மெக்கில் மாணவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1874 மே மாதம் மெக்கில் அணி ஹார்வர்டுக்கு ஆடப் போனது. போன பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேரும் ஆடுவது வேறு வேறு ஆட்டம் என்று. ஹார்வர்டு ஆடியது பெரும்பாலும் உருண்டைப் பந்தை உதைக்கும் ஆட்டம். மெக்கில் ஆடியது முட்டைப் பந்து ரக்பி. சரி, ஒரு நாள் உங்க விதி, மறுநாள் எங்க விதி என்று முடிவானது. மே 14 அன்று தங்கள் விதியில் ஹார்வர்டு 3-0 என ஜெயித்தது. மறுநாள் மெக்கில் விதியில் ஆடியது 0-0 என டிரா. கோலே விழாத அந்த இரண்டாவது ஆட்டம்தான் ஹார்வர்டு மாணவர்களுக்குப் பிடித்துப் போனது. அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து மற்ற கல்லூரிகளுக்குப் போனது. அதுதான் வளர்ந்து இன்றைய அமெரிக்க ஃபுட்பால் ஆனது.

ஒன்பது வருஷம் கழித்து, அதே மெக்கிலுக்கு 21 வயது நெய்ஸ்மித் வந்து சேர்ந்தார். ஃபுட்பால் ஆடவேண்டும் என்ற எண்ணம் துளிகூட இல்லாமல்.

மாமா வளர்த்த பிள்ளை

1861 நவம்பர் 6 அன்று ஒன்டாரியோ மாகாணத்தின் அல்மான்ட் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர் நெய்ஸ்மித். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பம். 1870ல் டைஃபாய்டு காய்ச்சல் வந்தது. சில வாரங்களுக்குள் அப்பாவும் போனார், அம்மாவும் போனார். பையனுக்கு வயது எட்டோ ஒன்பதோ. அக்கா ஆனி, தம்பி ராபர்ட்டோடு தாய்வீட்டில் வளர்ந்தார். வளர்த்தவர்களில் முக்கியமானவர் தாய்மாமா பீட்டர் யங். பேச்சு குறைவு, கண்டிப்பு அதிகம்.

ஊரில் பையன்கள் ஆடிய ஒரு விளையாட்டு உண்டு. பெரிய பாறைமேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, தூர நின்று இன்னொரு கல்லால் அதைத் தட்டிவிடணும். வேகமாக எறிந்தால் குறி தப்பி, எறிந்த கல் எங்கேயோ போய் விழும். அதை எடுத்துவர ஓடுவதற்குள் அவுட். மெதுவாக, வளைவாகத் தூக்கிப்போடத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். இந்தக் கல் விளையாட்டு பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் திரும்ப வரும்.

பதினைந்து வயது வாக்கில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரம் வெட்டும் முகாமுக்கு வேலைக்குப் போனார். சில வருஷம் கோடரி பிடித்த பிறகு மனசு மாறியது. தன்னைவிடச் சின்னப் பசங்களோடு உட்கார்ந்து பள்ளிப் படிப்பை முடித்தார். போதகராக வேண்டும் என்ற முடிவோடு 1883ல் மெக்கிலில் சேர்ந்தார்.

மூக்கு உடைந்த சென்டர்

ஆரம்பத்தில் அவர் அறையும் புத்தகமுமாகத்தான் இருந்தார். இப்படியே உட்கார்ந்து படித்தால் உடம்பு கெட்டுவிடும் என்று சீனியர்கள் சொல்லித்தான் ஜிம் பக்கம் போகத் தொடங்கினார். மரம் வெட்டிய உடம்பு, கேட்கவா வேணும்? சில வருஷத்தில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கான கல்லூரிப் பதக்கங்கள் அவர் கைக்கு வந்தன.

ஃபுட்பாலுக்குள் நுழைந்தது முழுக்கத் தற்செயல். ஒரு மாலை மைதானத்து ஓரமாக நின்று அணியின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்டராக ஆடியவருக்கு மூக்கு உடைந்தது. அந்த இடத்துக்கு யாராவது வருகிறீர்களா என்று கேப்டன் கேட்டார். யாரும் அசையவில்லை. நெய்ஸ்மித் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

சென்டர் என்றால் சும்மா இல்லை. இன்றுபோல் பந்தைக் கையால் பின்னுக்குக் கொடுக்கும் முறை அப்போது கனடாவில் வரவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் முட்டி நிற்க, நடுவில் நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளவேண்டும். ஹெல்மெட் கிடையாது, பேடு கிடையாது. எதிரணியின் முழங்கை, தோள், தலை எல்லாவற்றுக்கும் முதல் இலக்கு அந்த இடம்தான். மான்ட்ரியலில் இருந்த காலம் முழுக்க நெய்ஸ்மித் அந்த இடத்தில் ஆடினார். ஒரு மேட்சைக்கூடத் தவறவிட்டதில்லை என்று சொல்வார்கள்.

நண்பர்களின் ஜெபம்

அவருக்கு ஆட்டம் பிடித்தது. அவரைச் சுற்றியிருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்து பக்தியுள்ள குடும்பங்களில் ஃபுட்பால் சாத்தானின் கருவி. போதகராகப் போகிறவர் அதில் புரளலாமா? சக இறையியல் மாணவர்கள் சிலர் ஒரு அறையில் கூடி அவருடைய ஆத்துமாவுக்காக ஜெபித்திருக்கிறார்கள். அது நக்கலுக்காக இல்லை. உண்மையிலேயே அவர் கெட்டுப்போகிறார் என்ற கவலை. கறுத்த கண்ணோடு பிரசங்கத்துக்கு வந்து நின்றதும் அந்தக் கவலையைக் கூட்டியதே தவிர குறைக்கவில்லை.

இந்த இடத்தில் நெய்ஸ்மித் இரண்டில் ஒன்றை விட்டிருந்தால் கதை சாதாரணமாக முடிந்திருக்கும். ஒன்று நல்ல போதகர், இல்லை நல்ல ஆட்டக்காரர். அவரைத் திருப்பிவிட்டது ஒரு மேட்சில் நடந்த சின்ன விஷயம்.

ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆடிய சக வீரருக்கு ஏதோ கோபம், வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளைக் கொட்டிவிட்டார். இடைவேளையில் நெய்ஸ்மித்திடம் வந்து, நீ பக்கத்தில் இருந்ததை மறந்துட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். நெய்ஸ்மித்துக்கு ஆச்சரியம். கெட்ட வார்த்தை பேசாதே என்று அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. பிரசங்கம் எதுவும் செய்யாமல், கூட நின்று அடி வாங்கி ஆடியதாலேயே ஒருத்தன் தன் நாக்கை அடக்க நினைக்கிறான் என்றால்?

அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. பிரசங்க மேடையில் செய்ய நினைத்ததை மைதானத்திலும் செய்யலாம். மான்ட்ரியல் ஒய்எம்சிஏ செயலாளரிடம் மனதில் இருந்ததைச் சொன்னபோது, இதற்கென்றே அமெரிக்காவில் ஒரு பள்ளி இருப்பதாக அவர் சொன்னார். 1890ல் இறையியல் படிப்பை முடித்த கையோடு நெய்ஸ்மித் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கிளம்பினார். போதகர் வேலையை விட்டுவிட்டுப் போனதை அக்கா ஆனி கடைசிவரை மன்னிக்கவில்லை என்கிறார்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டிலும் சென்டர்தான்

ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் அவரோடு இருந்தவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். பின்னாளில் அமெரிக்க ஃபுட்பாலின் மாபெரும் பயிற்சியாளர்களில் ஒருவரானவர். இருக்கிற கொஞ்சம் மாணவர்களை வைத்து ஸ்டாக் ஒரு அணி கட்டினார். நெய்ஸ்மித்தை சென்டரில் போட்டார். ஏன் என்னை என்று கேட்டதற்கு ஸ்டாக் தந்த விளக்கம் பிரபலம்: மிக மோசமான காரியத்தையும் மிகக் கண்ணியமாகச் செய்யத் தெரிந்தவர் நீர்தான் என்று. பாராட்டா, குத்தலா என்று சொல்வது கஷ்டம். பல்கலைக்கழக ஃபுட்பாலில் அவர் என்ன கற்றிருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

1890 டிசம்பரில் இந்தச் சின்ன அணி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்குள் யேல் பல்கலைக்கழகத்தோடு மோதி, 16-10 என்றுதான் தோற்றது. யேல் அன்றைக்கு எவ்வளவு பெரிய அணி என்று தெரிந்தவர்களுக்கு இது பெருமைக்குரிய தோல்வி.

முட்டலும் மோதலுமாக ஆடி ஆடிக் காது நசுங்கியதால், காதை மூடும் ஒரு தலைக்கவசத்தையும் நெய்ஸ்மித் தைத்துப் போட்டுக்கொண்டார். ஃபுட்பால் ஹெல்மெட்டின் ஆரம்பகால வடிவங்களில் ஒன்று அது. முதல் ஹெல்மெட் யாருடையது என்பதற்கு வேறு சிலரும் போட்டியில் இருக்கிறார்கள்.

14 நாள் கெடு

1891 குளிர்காலம். வெளியே பனி. ஃபுட்பால் சீசன் முடிந்துவிட்டது, பேஸ்பால் தொடங்க மாசக்கணக்கில் ஆகும். நடுவில் ஜிம்முக்குள் வெறும் உடற்பயிற்சி. 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு சலித்துப்போய் அடங்க மறுத்தது. ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் கைவிட்ட வகுப்பு. துறைத்தலைவர் லூதர் குலிக் அதை நெய்ஸ்மித் தலையில் கட்டி, உள்ளரங்கில் ஆட ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார். கெடு 14 நாள்.

முதலில் தெரிந்த ஆட்டங்களையே சுருக்கி உள்ளே கொண்டுவரப் பார்த்தார். ஃபுட்பாலில் கீழே விழுந்தால் மரத்தளம். கால்பந்தில் ஜன்னல் கண்ணாடி. லக்ராஸில் கையும் முகமும். எதுவும் சரிப்படவில்லை.

கெடு முடியும் நேரத்தில்தான் பழைய மெக்கில் சென்டர் மூளை வேலை செய்தது. ஃபுட்பாலில் ஏன் ஒருத்தரை ஒருத்தர் சாய்க்கிறோம்? பந்தோடு ஓடுகிறவனை நிறுத்துவதற்காக. அவன் ஓடவே கூடாது என்று விதி போட்டுவிட்டால்? சாய்க்க வேண்டிய தேவையே இல்லை! பந்து கிடைத்த இடத்திலேயே நின்று அடுத்தவருக்குப் போடணும். கூடைப்பந்தின் அடிப்படை இந்தக் கழித்தல் கணக்குதான்.

அடுத்து கோல். நேராக நிற்கும் கோல் என்றால் முழு பலத்தோடு எறிவார்கள், குறுக்கே நிற்பவருக்கு அடி. இங்கேதான் சின்ன வயசுக் கல் விளையாட்டு கைகொடுத்தது. கோலைத் தலைக்கு மேலே, வானம் பார்த்தபடி வைத்துவிட்டால் பந்தை வளைவாக, மெதுவாகத்தான் போடமுடியும். பலம் பலிக்காது, குறிதான் வேண்டும்.

கட்டடப் பராமரிப்பாளரிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடை இருக்கு என்றார் அவர். ஜிம்மின் மேல்தளக் கைப்பிடியில் கூடைகளை அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடியின் உயரம் 10 அடி. உலகம் முழுக்க இன்றுவரை அதே 10 அடிதான். 13 விதிகளை டைப் செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். தோளால் இடிக்கக்கூடாது, பிடிக்கக்கூடாது, தள்ளக்கூடாது, காலை இடறிவிடக்கூடாது, அடிக்கக்கூடாது என்று ஒரே விதியில் அத்தனை தடை. ஃபுட்பாலில் பட்டு அனுபவித்தவர் மட்டுமே எழுதக்கூடிய பட்டியல்.

1891 டிசம்பர் 21 அன்று பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடினார்கள். ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 1-0.

ஆனா இந்தக் கதைக்கு இன்னொரு வடிவமும் இருக்கிறது, அதையும் சொன்னவர் நெய்ஸ்மித்தேதான். 1939 ஜனவரியில் நியூயார்க் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பேசியபோது, முதல் முயற்சி பெரிய அடிதடியில் முடிந்தது என்றார். பையன்கள் இடித்து, உதைத்து, குத்திக்கொண்டார்களாம். கண் கறுத்தவர்கள் சிலர், தோள்பட்டை நழுவியவர் ஒருவர். அதற்கப்புறம்தான் பந்தோடு ஓடக்கூடாது என்ற விதியே வந்ததாம். இரண்டு கதைகளிலும் ஒரே பிரச்சினைதான் மையம்: ஃபுட்பால் ஊறிய உடம்புகளை எப்படி அடக்குவது?

1892 மார்ச்சில் பார்வையாளர்கள் முன்னால் மாணவர்களும் ஆசிரியர்களும் மோதினார்கள். மாணவர்கள் 5-1 என ஜெயித்தார்கள். ஆசிரியர்களின் ஒரே கோலைப் போட்டவர் ஃபுட்பால்காரர் ஸ்டாக்.

அந்த 18 பேரில் ஒருவரான டங்கன் பேட்டன்தான் இந்தியாவுக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிறது. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியை 1920ல் தொடங்கிய ஹாரி க்ரோ பக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவரே.

கான்சாஸும் தோற்ற கணக்கும்

1894ல் மாட் ஷெர்மனைத் திருமணம் செய்துகொண்டார் நெய்ஸ்மித். அடுத்த வருஷம் டென்வர் நகர ஒய்எம்சிஏ வேலைக்குப் போய், வேலை பார்த்தபடியே மருத்துவம் படித்து 1898ல் டாக்டரானார். அதே வருஷம் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சிற்றாலய வழிபாட்டுக்கும் உடற்கல்விக்கும் ஒரே ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆளைச் சொல்லியனுப்பியவரும் ஸ்டாக்தான்.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் பயிற்சியாளராக இருந்தால் அணி தொடர்ந்து ஜெயிக்கும் என்றுதானே தோன்றும்? அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. கான்சாஸ் அணி வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே பயிற்சியாளர் அவர்தான். அவருக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. இந்த விளையாட்டுக்குப் பயிற்சி எதற்கு, ஆடினால் போதும் என்று தன் மாணவர் ஃபாக் ஆலனிடம் சொன்னாராம். அந்த ஆலன் அதைக் கேட்கவில்லை, கூடைப்பந்துப் பயிற்சியின் தந்தை என்று பெயர் வாங்கினார்.

இன்னும் ஆச்சரியம், நெய்ஸ்மித் வாழ்நாளில் கூடைப்பந்து ஆடியதே இரண்டு தடவைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆடியபோதும் ஃபவுலுக்கு மேல் ஃபவுல். மல்யுத்தமும் ஃபுட்பாலும் பழகிய கை, எதிரே வந்தவரை அனிச்சையாகப் பிடித்துக்கொண்டது. தன்னைவிடப் பெரிய ஆள் ஒருவரை ஒருமுறை மல்யுத்தப் பிடியே போட்டுவிட்டார். அவர் எழுதிய விதிகளுக்கு அவர் உடம்பே கட்டுப்படவில்லை.

அவர் போன பிறகு மெக்கில்

மான்ட்ரியலில் ஆட்டமும் மாறிக்கொண்டே வந்தது. 1898ல் மெக்கிலைச் சேர்ந்த ஹென்றி யேட்ஸ் கொடுத்த கோப்பைக்காகக் கனடா பல்கலைக்கழகங்கள் இன்றும் மோதுகின்றன. 1903ல் டொரன்டோ பல்கலைக்கழகக் கேப்டன் பர்ன்சைடு பெயரில் வந்த விதிகள் ஆள் எண்ணிக்கையை 12 ஆக்கின. பந்தைக் காலால் தள்ளும் முறையும் ஒழிந்தது. நெய்ஸ்மித் அடிபட்ட அந்தப் பழைய சென்டர் வேலை அதோடு முடிந்தது. 1912ல் பயிற்சியாளராக வந்த ஃபிராங்க் ஷாக்னசி முதல் வருஷமே யேட்ஸ் கோப்பையை மெக்கிலுக்கு வாங்கிக் கொடுத்தார். அணியின் மைதானத்துக்கு, முதல் உலகப் போரில் 1917ல் பிரான்சில் உயிரிழந்த முன்னாள் மாணவர் பெர்சிவல் மோல்சனின் பெயர் வைக்கப்பட்டது. தேசிய அளவிலான வானியே கோப்பை 1987ல் ஒருமுறை கிடைத்தது. ரெட்மென் என்ற பழைய அணிப் பெயர் பூர்வகுடி மக்களைப் புண்படுத்துகிறது என்ற எதிர்ப்பால் 2019ல் கைவிடப்பட்டு, இப்போது ரெட்பேர்ட்ஸ்.

பெர்லின் மழை

நெய்ஸ்மித் 1916ல் முறைப்படி போதகராகவும் ஆனார். போர்க்காலத்தில் பிரான்சில் ராணுவ வீரர்களிடையே ஒய்எம்சிஏ பணி செய்தார். மெக்கில் மைதானத்தில் தொடங்கிய யோசனை, கடைசியில் பிரசங்க மேடைக்கும் வந்து சேர்ந்தது.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதல்முறையாகப் பதக்க விளையாட்டானது. 74 வயது நெய்ஸ்மித்தை அனுப்ப அமெரிக்கா முழுக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடம் நிதி திரட்டினார்கள். ஆகஸ்ட் 14 அன்று இறுதிப் போட்டி. ஒரு பக்கம் அவர் பிறந்த கனடா, இன்னொரு பக்கம் அவர் குடியுரிமை பெற்ற அமெரிக்கா. திறந்தவெளி மண் தரை, கொட்டும் மழை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே முடியாத சேறு. அமெரிக்கா 19-8 என ஜெயித்தது. பதக்கங்களை அவரே கொடுத்தார். (அதே மழையால்தான் அன்று நடக்க வேண்டிய இந்தியா-ஜெர்மனி ஹாக்கி இறுதிப் போட்டி மறுநாளுக்குத் தள்ளிப்போனது. தியான் சந்த் அணி 8-1 என ஜெயித்த அதே போட்டி.)

அடுத்த வருஷம் மனைவி மாட் இறந்தார். 1939 நவம்பர் 28 அன்று கான்சாஸின் லாரன்ஸ் நகரில் நெய்ஸ்மித் காலமானார். வயது 78. கூடைப்பந்து பிறந்த கதையை அவர் எழுதிய புத்தகம் 1941ல்தான் அச்சில் வந்தது.

விளையாட்டுக்குக் காப்புரிமை எதுவும் அவர் வாங்கவில்லை, அதிலிருந்து பெரிதாகச் சம்பாதிக்கவும் இல்லை. பலகையில் ஒட்டிய அந்த 13 விதிகளின் டைப் செய்த இரண்டு தாள்கள் 2010 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. சுமார் 43 லட்சம் டாலருக்குப் போய், இப்போது கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.